மழையைப் பற்றிப் பாடினால் மட்டும் போதாது: இசைப் பாடத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளி இசைப் பாடத் திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ‘வானிலை’ என்ற தலைப்பில் நீங்கள் அனுப்பியிருக்கும் ஆறு வார இசைப் பாடத் திட்டத்தை முழுதாகப் படித்தேன். வாரத்துக்கு ஒரு பாட்டு. வெயிலுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, அப்புறம் மழை, இடி, பனிப்பொழிவு, கடைசியில் வானவில். பாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும், படத்துக்கு வண்ணம் தீட்ட வைக்க வேண்டும், ஆறாவது வாரம் காகிதக் குடையோடு பெற்றோர் முன்னால் மேடையேற்ற வேண்டும்.

தலைப்பு அருமையான தலைப்பு. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இசையின் அடிப்படைகளைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது கஷ்டம். ஆனால் உங்கள் திட்டத்தில் வானிலை பாட்டின் வரிகளில் மட்டும்தான் இருக்கிறது. மழைப் பாட்டு, வெயில் பாட்டு இரண்டையும் பிள்ளைகள் ஒரே வேகத்தில், ஒரே சத்தத்தில், ஒரே மாதிரிக் கைதட்டிக்கொண்டுதான் பாடப்போகிறார்கள். சொற்களை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்தால் எது மழை, எது வெயில் என்று யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் அங்கே நடந்தது மொழிப் பாடம். இசை துணைக்கு வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மழை எப்படித் தொடங்குகிறது, எப்படி வலுக்கிறது, எப்படி ஓய்கிறது என்பதற்குள்ளேயே மெதுவாக–பலமாக, வேகமாக–நிதானமாக, தனியாக–சேர்ந்து, ஒலி–மௌனம் எல்லாம் இருக்கின்றன. அதைப் பிள்ளைகள் காதால் பிடித்து, கையாலும் குரலாலும் செய்துபார்க்கும்படி திட்டத்தை மாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒலியைப் பிள்ளைகள் கையாளத் தெரிந்துகொண்ட பிறகு பாட்டு வரட்டும்.

மழையிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வாரத்துக்கு ‘எல்லோரும் சேர்ந்து தாளம் தப்பாமல் கைதட்டவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக்கு ஏது தாளம்? ஒவ்வொரு துளியும் தன் இஷ்டத்துக்கு விழுகிறது. கணக்கில்லாத துளிகள் ஒன்றின்மேல் ஒன்று சேரும்போதுதான் ‘சோ’வென்ற அந்தச் சீரான இரைச்சல் பிறக்கிறது. முப்பது பிள்ளைகள் ஒரே நொடியில் தட்டினால் அது கைதட்டல். ஆளுக்கொரு நேரத்தில் தட்டினால்தான் மழை.

இதை வகுப்பில் செய்ய வாத்தியம்கூட வேண்டாம். பிள்ளைகளை வட்டமாக உட்கார வையுங்கள். இனி யாரும் பேசக் கூடாது. ஆசிரியர் நடுவில் நின்று உள்ளங்கைகளைத் தேய்த்தபடி மெல்லச் சுற்றித் திரும்புவார். அவர் பார்வை யார்மீது விழுகிறதோ அந்தப் பிள்ளை தேய்க்கத் தொடங்க வேண்டும். அடுத்த முறை பார்வை வரும்வரை விடாமல் தேய்க்க வேண்டும். இரண்டாவது சுற்றில் இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டல். (வழக்கமாக இந்த இடத்தில் விரல் சொடுக்கச் சொல்வார்கள். இந்த வயதில் பல பிள்ளைகளுக்குச் சொடுக்கு வராது. வராதவர்கள் விரலையே பார்த்துக்கொண்டு கேட்பதை விட்டுவிடுவார்கள்.) மூன்றாவது சுற்றில் தொடையில் தட்டல், நான்காவதில் காலால் தரையில். பிறகு அதே வரிசையில் பின்னோக்கி வந்து, வெறும் தேய்ப்பில் முடிந்து, ஒவ்வொருவராக நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் முறை வரும்போது மட்டும் மாறுவதால், அறையின் ஒரு பக்கம் தூறிக்கொண்டிருக்க இன்னொரு பக்கம் பெய்யத் தொடங்கியிருக்கும். நடுவில் இரண்டு பேரைக் கண்ணை மூடி உட்கார வைத்துப் பாருங்கள். ‘அந்தப் பக்கத்துலேர்ந்து வருது’ என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். காட்டும் கை ஆசிரியர் திரும்பும் திசையிலேயே மெல்ல நகரும். அந்தப் பிள்ளையின் காது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அப்போது கண்ணாலேயே பார்க்கலாம். ஆறு வாரத் திட்டத்தில் ஒரே ஒரு செயலுக்குத்தான் இடம் என்றால் இதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடச் சொல்வேன்.

சரி, அப்படியானால் தாளத்தை எங்கே சொல்லிக்கொடுப்பது? மழை விட்ட பிறகு. கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் விழும். ஒரு பிள்ளை மரக்கட்டையில் அந்தச் சொட்டைத் தட்டட்டும். மற்றவர்கள் சொட்டுக்கு ஒரு அடியாக நடக்கட்டும். அது நிலைத்ததும் இன்னொரு பிள்ளை அதே நேரத்துக்குள் இரண்டு சொட்டு, வேறொரு பிள்ளை நான்கு சொட்டு. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று நாம் இசையில் சொல்வது இதுதான். பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. நடந்துபார்த்த கால்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நீர் வற்ற வற்றச் சொட்டுகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது அல்லவா, அதையும் செய்யலாம். சேர்ந்து வேகம் குறைப்பது வேகம் கூட்டுவதைவிடக் கடினம். சின்னப் பிள்ளைகள் கூட்டமாகத் தட்டினால் தானாகவே ஓட்டம் பிடிப்பார்கள். காத்திருக்கக் கற்றுக்கொள்ள இந்தக் கூரைச் சொட்டு நல்ல பயிற்சி.

காற்று வாரத்துக்கு நீங்கள் வைத்திருப்பது ஊதல். ஊதுவதைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். தலைசுற்றும் வரை செய்வார்கள் என்பதால் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் காற்று வாரம் குரலுக்கு உரிய வாரம். நம் காதில் விழும் காற்றின் ஓசையெல்லாம் இலையிலோ கம்பியிலோ சன்னல் இடுக்கிலோ அது உரசுவதால் வருவது. கம்பியில் வீசும்போது வேகம் கூடக் கூட ஓசையின் சுருதி மேலே போகும். மெல்லிய கம்பி என்றால் இன்னும் மேலே. ஆகவே பலகையில் ஒரு மலைத்தொடர் போலக் கோடு வரைந்து, அதன்மீது விரல் ஏறும்போது ‘ஊ’ என்ற குரல் ஏற வேண்டும், இறங்கும்போது இறங்க வேண்டும். கோடு விட்டுப்போன இடத்தில் குரலும் நிற்க வேண்டும். கோட்டைப் பிள்ளைகளே வரையட்டும். ஸ்வரம் பிடிக்க வராத பிள்ளை என்று நாம் ஒதுக்கும் பலர், அடிக்குரலை விட்டு மேலே போய்ப் பார்த்ததே இல்லை. இந்த வழுக்கல் விளையாட்டு அவர்கள் குரலைத் திறந்துவிடும். பெரியவர்கள், அதிலும் ஆண் ஆசிரியர்கள், தங்கள் வசதிக்கு ஏற்ற கீழ்ச் சுருதியில் பாடிக்காட்டிவிட்டுப் பிள்ளைகள் பின்பற்றவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதையும் திட்டத்தில் ஒரு வரியில் எச்சரிக்கலாம்.

ஓசையின் அளவுக்கு ‘மெதுவாக’, ‘பலமாக’ என்று இரண்டே சொல்தான் உங்கள் திட்டத்தில் இருக்கின்றன. இரண்டு மட்டும் கொடுத்தால் பிள்ளைகளுக்கு முணுமுணுப்பும் கத்தலும்தான் வரும். நடுவில் ஒன்றும் இருக்காது. காற்றை அளக்க ஏற்கெனவே ஒரு நல்ல ஏணி இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805இல் வகுத்த அளவுகோல், 0 முதல் 12 வரை. கருவி எதுவும் இல்லாமல் சுற்றிலும் நடப்பதைப் பார்த்தே காற்றின் பலத்தைச் சொல்ல வந்தது அது. நிலத்துக்கு ஏற்றபடி பின்னால் எழுதப்பட்ட வடிவத்தில் 0 என்றால் புகை நேராக மேலே போகும். 2 என்றால் இலைகள் சலசலக்கும். 4 என்றால் புழுதியும் காகிதமும் பறக்கும். 6 என்றால் கம்பிகள் சீழ்க்கையடிக்கும், குடையைப் பிடிப்பது சிரமம். 8 என்றால் மரத்தின் சிறு கிளைகள் ஒடியும். இந்த ஐந்தை மட்டும் எடுத்து ஐந்து அட்டைகளில் படமாக வரைந்துவிட்டால் போதும். ஒரு பிள்ளை அட்டையைத் தூக்கிக் காட்ட, மற்றவர்கள் அந்த அளவுக்கு ஓசை எழுப்ப வேண்டும். ‘இது நாலு மாதிரி இல்லையே, ஆறு மாதிரி இருக்கு’ என்று பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லத் தொடங்குவார்கள். 6க்கு மேல் போனால் குரலை நிறுத்திவிட்டு மேளம், தகரம், காகிதம் என்று கைக்கு மாற்றச் சொல்லுங்கள். புயலைக் குரலால் செய்யவிட்டால் மறுநாள் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இடி வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘மேளங்களைப் பலமாக அடிக்கவும்’ என்ற ஒரே வரியோடு அதை முடித்துவிட்டீர்கள். இடியில் இருக்கும் இசை அடிக்கு முந்திய மௌனத்தில் இருக்கிறது. மின்னல் உடனே தெரிகிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நொடி. ஆசிரியர் டார்ச் விளக்கை ஒரு முறை அடித்து அணைக்கட்டும். பிள்ளைகள் உதடு அசையாமல் மனசுக்குள் மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் மேளத்தில் ஓர் அடி அடிக்க வேண்டும். முதலில் சிதறும். சிலர் இரண்டிலேயே அடித்துவிடுவார்கள். ஐந்தாறு முறைக்குள் ஒரே அடியாகக் கூடி வந்துவிடும். அதன்பின் ஆறு எண்ணச் சொல்லுங்கள்: இடி இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்விட்டது. எண்ணிக்கை கூடினால் அடியின் பலம் குறைய வேண்டும். மனசுக்குள் தாளம் ஓடிக்கொண்டே இருக்க, வெளியே அமைதியாக இருப்பதுதான் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் வேண்டிய முதல் திறமை. தாளம் போட்டுப் பழகும் பெரிய மாணவர்களுக்கே இது சிரமம். டார்ச் ஒன்று கையில் இருந்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் வருகிறது.

ஒலியின் தன்மையும் இதிலேயே இருக்கிறது. பக்கத்தில் விழும் இடி ‘படார்’ என்று வெடிக்கிறது. தூரத்து இடி ‘கடகட’வென்று உருள்கிறது. நீளமான மின்னல் பாதையின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒலி வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதும், தூரம் கூடும்போது கூர்மையான ஒலிகளைக் காற்று உறிஞ்சிக்கொள்வதும் காரணம். பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டாம். பழைய எக்ஸ்ரே படலத்தை ஓர் ஓரத்தில் பிடித்து உதறச் சொல்லுங்கள். தூரத்து இடி அப்படியே வரும். பக்கத்து இடிக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்று அவர்களே வகுப்பறையில் தேடட்டும். குப்பைத் தொட்டியின் மூடிதான் வெற்றி பெறும், தயாராக இருங்கள்.

இடிக்குப் பயப்படும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. வெள்ளத்தையோ புயலையோ நேரில் பார்த்த பிள்ளைக்கு அது வெறும் பயமும் அல்ல. உங்கள் திட்டம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பயப்படும் பிள்ளையின் கையில் அந்த டார்ச்சைக் கொடுங்கள். எப்போது மின்ன வேண்டும், எப்போது கூடாது என்பதை அவர் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் வாசற்பக்கம் உட்கார்ந்து பார்க்கட்டும். பெரிய சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கும் இதே விதி. காது சரியாகக் கேட்காத பிள்ளை இருந்தால், ஊதிய பலூனை இரு கையாலும் பிடித்துக்கொண்டு மேளத்துக்கு அருகில் இருக்கட்டும். அதிர்வு கைக்கு வரும்.

கேட்பதற்கென்று ஒரு வகுப்பு வைத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் ‘மழை ஓசை’ ஒலிப்பதிவை அரை மணி நேரம் ஓடவிட்டால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, 1808இல் அரங்கேறிய பேத்தோவனின் ஆறாவது சிம்பொனியில் (பெரிய வாத்தியக் குழு வாசிக்கும், பல பகுதிகள் கொண்ட இசை) புயல் வரும் நான்காம் பகுதியைப் போடலாம். ஏறக்குறைய நான்கு நிமிடம்தான். செல்லோ, டபுள் பாஸ் என்ற கீழ்ச் சுருதித் தந்தி வாத்தியங்களின் மெல்லிய நடுக்கத்தில் தொடங்கும். கிண்ண முரசு அந்த சிம்பொனி முழுவதிலும் இந்த ஒரு பகுதியில் மட்டும்தான் ஒலிக்கிறது. அதுவும் புயல் வெடிக்கும் வரை காத்திருக்கிறது. புயல் வெடித்ததும் ஒரே நேரத்துக்குள் செல்லோக்கள் ஐந்து ஐந்து ஸ்வரமாக ஓட, டபுள் பாஸ்கள் நான்கு நான்காக ஓடுகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாததால்தான் அந்தக் குமுறல் வருகிறது. மழையைப் பற்றி மேலே சொன்னதை ஒரு பெரிய இசையமைப்பாளர் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று ஆசிரியர்களுக்குப் புரிய இது உதவும். பிள்ளைகளிடம் ஒரே கேள்வி போதும்: ‘மேளம் எப்போ வருதுன்னு கை தூக்குங்க.’ நான்கு நிமிடமும் ஓர் அசைவு இருக்காது.

பனிப்பொழிவு வாரத்தை எடுத்துவிடுங்கள். பனி பெய்யும் ஊர்களில் அது நல்ல பாடம். புதிதாக விழுந்த பனி ஒலியை உறிஞ்சுவதால் ஊரே அடங்கிப்போகும், மௌனத்தைப் பற்றிப் பேச அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் பிள்ளை தோலில் உணராத ஒரு வானிலையைக் காதால் கற்பனை செய்யச் சொல்வது வீண் வேலை. எந்த ஊராக இருந்தாலும் அங்கே உள்ள வானிலை போதும்.

வானவில்லும் அப்படித்தான், அதற்கு ஓசையே கிடையாது. ஏழு நிறத்துக்கு ஏழு ஸ்வரம் என்று பொருத்தும் ஆசை நியூட்டனுக்கே இருந்தது. அவர் ஏழு என்று பிரித்ததே இசையின் ஸ்வரங்களை மனத்தில் வைத்துத்தான். ஆனால் இந்த வயதில் ஏழு ஸ்வரம் அதிகம். ஐந்து போதும். ஸ ரி க ப த என்ற மோகன ராகத்தின் ஐந்தையும் எந்த வரிசையில் தட்டினாலும் காதை உறுத்தாது. கீபோர்டு இருந்தால் கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடச் சொல்லுங்கள், அதே ஐந்து கிடைத்துவிடும். வெயிலுக்கு நீண்ட ஒற்றை ஸ்வரம், அதன்மேல் தூறலாக இந்த ஐந்து. வாசிக்கத் தெரியாத ஆசிரியரும் இதை நடத்தலாம். அது முக்கியம், ஏனென்றால் இந்தத் திட்டத்தை வகுப்பில் நடத்தப்போகிறவர்களில் பலர் இசை படித்தவர்கள் அல்ல, கணக்கும் மொழியும் நடத்தும் வகுப்பாசிரியர்கள். ‘எனக்குப் பாட வராதே’ என்று ஒதுங்குபவருக்கும் இடம் இருக்கும்படி ஒவ்வொரு வகுப்பையும் எழுதுங்கள்.

வாத்தியங்களைப் பற்றிச் சுருக்கமாக. பாட்டிலில் தானியம் போட்டுச் செய்யும் கிலுக்கியில் கால் பங்குக்கு மேல் நிரப்பினால் சத்தம் செத்துவிடும். செய்முறையில் அதைச் சேருங்கள். எதையும் விளக்கிவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு சொல்வது யார் காதிலும் விழாது. நிறுத்துவதற்கு ஒரு கைச்சைகை முதல் வகுப்பிலேயே பழக்கமாகிவிட வேண்டும்.

வண்ணம் தீட்டும் தாளுக்குப் பதில் இசையையே வரையச் சொல்லலாம். புள்ளி என்றால் தூறல், நெருக்கமான புள்ளி என்றால் மழை, வளைகோடு காற்று, கட்டம் இடி, வெற்றிடம் மௌனம். இடமிருந்து வலம் படிக்க வேண்டும். ஒரு குழு வரைந்ததை இன்னொரு குழு வாசித்துக் காட்டட்டும். வரைந்தவர்கள் ‘நாங்க நினைச்சது இது இல்லை’ என்றால் படத்தைத் திருத்தட்டும். உங்கள் மதிப்பீட்டுப் பட்டியலில் ‘பாடலை முழுதாக ஒப்புவிக்கிறார்’ என்று இருக்கும் வரியை அடித்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கவும் நிறுத்தவும் முடிகிறதா, கேட்ட ஓசையில் என்ன மாறியது என்று சொல்ல முடிகிறதா என்ற இரண்டையும் வைத்தால் போதும்.

கடைசியாக, கால அட்டவணை. செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை மழை என்று போட்டிருக்கிறீர்கள். அன்று வெயில் மண்டையைப் பிளக்கும். வியாழக்கிழமை கணக்குப் பாடத்தின் நடுவே உண்மையான மழை கொட்டும். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று சன்னலைச் சாத்துவோம். ஆறு வகுப்பில் இரண்டை நாள் குறிக்காமல் விடுங்கள். பனிப்பொழிவையும் வானவில்லையும் எடுத்தாலே அந்த இடம் கிடைத்துவிடும். மழையோ பலத்த காற்றோ வரும் நாளில், எந்தப் பாடவேளையாக இருந்தாலும், பத்து நிமிடம் கதவருகே நின்று கேட்டுவிட்டு அதையே கையால் செய்துபார்க்க ஆசிரியருக்கு அனுமதி உண்டு என்று சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். இடி மின்னல் இருந்தால் உள்ளேயே இருந்து கேட்கலாம். தலைமையாசிரியர்கள் கேள்வி கேட்காமல் இருக்க அந்த ஒரு வரி எழுத்தில் வேண்டும், வாய்வார்த்தை போதாது.

மேடை நிகழ்ச்சியை விட மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெற்றோரையும் வட்டத்தில் உட்கார வைத்து, பிள்ளைகளில் ஒருவரை நடுவில் நிறுத்தி மழையை நடத்தச் சொல்லுங்கள். காகிதக் குடைகளுக்கு ஒதுக்கிய நேரமும் மிச்சமாகும்.

திருத்திய வரைவை அடுத்த பருவத்துக்கு முன் அனுப்பினால் என் வகுப்பில் நடத்திப்பார்த்து, எது ஓடியது, எது ஓடவில்லை என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி இசை ஆசிரியர்